பத்துக்கு எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி

கிளாஸ்கோ நகரத்தின் லைஃப் விதவுட் பில்டிங்ஸ் குழு மொத்தமே ஒரு ஸ்டுடியோ ஆல்பம்தான் போட்டது. எனி அதர் சிட்டி என்று பெயர், 2001-ல் வந்தது, அடுத்த வருடமே குழு கலைந்துவிட்டது. நான் அதைக் கேட்டது 2021 தொடக்கத்தில், ராத்திரி பத்து மணிக்கு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது. குழுவின் பாடகி சூ டாம்ப்கின்ஸ் அதில் பாடுகிறாரா பேசுகிறாரா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. ஒரு சொல்லைப் பிடிக்கிறார், அதை நாலைந்து தடவை உருட்டுகிறார், பாதியில் விட்டுவிட்டு வேறொன்றுக்குத் தாவுகிறார், திரும்பி வந்து பழைய சொல்லையே மறுபடி எடுக்கிறார், புதிதாகப் பேச வந்த குழந்தை ஒரு வார்த்தையை வாய்க்குள் போட்டுப் போட்டுப் பார்ப்பதைப் போல. பின்னால் கிடாரும் பேஸும் டிரம்ஸும் எந்த அவசரமும் இல்லாமல், கண்ணாடி மாதிரித் தெளிவாக ஓடிக்கொண்டிருக்கின்றன. குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு நின்றபடியே முழு ஆல்பத்தையும் கேட்டேன்.

அது என்னிடம் எப்படி வந்தது என்று யோசித்தபோதுதான் வருத்தமாக இருந்தது. அந்த ஆல்பத்தின் தி லீன்ஓவர் பாட்டில் ஒரு சின்னத் துண்டை யாரோ டிக்டாக்கில் பயன்படுத்த, அது பரவியிருக்கிறது. இங்கே 2020 ஜூனிலேயே டிக்டாக்கைத் தடை செய்துவிட்டார்கள் என்பதால் எனக்கு அதுவும் தெரியவில்லை. டொராண்டோவில் இருக்கும் பெரியம்மா மகள், “தம்பி, இதைக் கேளு, உனக்குப் பிடிக்கும்” என்று ஒரு வரி போட்டு அனுப்பினாள். சரி, இசைக்காக இணையத்தில் இத்தனை வருடம் செலவழித்தவன் நான். 2004-லிருந்து விமர்சனத் தளங்களை ஏறக்குறைய தினமும் படித்திருக்கிறேன். நான் மதித்த ஒரு தளமும் இந்த ஆல்பத்தை என் கையில் கொண்டுவந்து கொடுக்கவில்லை. இருபது வருடம் கழித்து ஒரு குறும் வீடியோவின் வால் பிடித்துக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகு நான் இந்தத் தளங்களைப் பார்க்கும் பார்வையே மாறியது. ஒரு ஆல்பத்துக்குப் பத்துக்கு எவ்வளவு போட்டார்கள் என்பது இரண்டாவது கேள்விதான். அதற்கு முன்னால் ஒரு முடிவு நடந்து முடிந்திருக்கிறது, இதைக் கேட்பதா வேண்டாமா என்று. அந்த முடிவு நம் கண்ணில் படுவதே இல்லை. ஆகவே நான் பயன்படுத்தும் மூன்று சேவைகளை, பிட்ச்ஃபோர்க் என்ற விமர்சனத் தளம், பேண்ட்கேம்ப் என்ற இணைய இசைக் கடை, கேட்கிறவர்களே மார்க் போடும் ரேட் யுவர் மியூசிக் ஆகிய மூன்றையும், அந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்து எழுதிப் பார்க்கிறேன்: தனக்காகப் பரிந்து பேச ஆளில்லாத ஒரு ஆல்பம் இந்த வாசலுக்குள் நுழைய முடியுமா?

பிட்ச்ஃபோர்க்கை முதலில் எடுக்கிறேன், என் ரசனையில் பாதியை வளர்த்தது அதுதான் என்பதால். ரயன் ஷ்ரைபர் என்ற இளைஞர் 1996-ல் மினியாபொலிஸில் வீட்டிலிருந்தபடி தொடங்கிய தளம். அப்புறம் சிகாகோவுக்குப் போனது, 2015-ல் காண்டே நாஸ்ட் என்ற பத்திரிகை நிறுவனம் வாங்கியது, 2024 ஜனவரியில் அதை ஜி.க்யூ. என்ற ஆண்கள் பத்திரிகையோடு சேர்த்து, ஆட்களையும் குறைத்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று எனக்கு உண்மையிலேயே மனசு சரியில்லை. 7.8, 8.3 என்று தசமப் புள்ளியோடு மார்க் போடும் பழக்கத்தைப் பலர் திட்டினாலும், அங்கே எழுதிய நல்ல விமர்சகர்கள் ஒரு ஆல்பத்தை எப்படிக் கேட்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள்.

அந்தத் தளத்தின் பலம் என்ன என்பதற்கு 2005-ஐச் சொல்ல வேண்டும். கிளாப் யுவர் ஹேண்ட்ஸ் சே யெ என்ற குழு லேபிளே, அதாவது இசை வெளியீட்டு நிறுவனமே, இல்லாமல் தாங்களாகவே ஒரு ஆல்பம் வெளியிட்டது. பிட்ச்ஃபோர்க் 9.0 போட்டது. ஆர்டர்கள் வந்து குவிந்து, குழுவினரே உட்கார்ந்து சி.டி.க்களை உறையில் போட்டு அனுப்ப வேண்டியதாயிற்று. முந்தைய வருடம் ஆர்கேட் ஃபயரின் ஃப்யூனரல் ஆல்பத்துக்கு 9.7 வந்து அவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள். அதே 2004-ல் ட்ராவிஸ் மாரிசன் என்ற பாடகரின் தனி ஆல்பத்துக்கு 0.0 போட்டார்கள், அது ஒரு மனிதரின் தொழிலையே உலுக்கியது. கொடூரமான மார்க்தான், நான் அதை ஆதரிக்கவில்லை. ஆனால் அந்தப் பூஜ்யத்தால் அந்த ஆல்பத்தின் பெயர் இன்றைக்கும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்த வாரம் விமர்சனமே வராமல் போன ஆல்பங்களின் பெயர் யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

தேர்வு எப்படி நடக்கிறது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை, இந்தத் துறையில் இருந்தவர்கள் வெளிப்படையாகவே பேசுகிற விஷயம். ஆல்பம் முடிந்ததும் லேபிள் மூன்று நாலு மாதம் தள்ளி ஒரு வெளியீட்டுத் தேதி குறிக்கும். விளம்பரம் தேடித்தர ஒரு பி.ஆர். ஆளை அல்லது நிறுவனத்தை அமர்த்தும், அதற்குத் தனியாகப் பணம். அந்த பி.ஆர். ஆள் தனக்குப் பழக்கமான எடிட்டர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் யாரும் பகிர முடியாத ஸ்ட்ரீமிங் லிங்க் ஒன்றை முன்கூட்டியே அனுப்புவார். ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டு மட்டும் முன்னதாக, முதல் சிங்கிள் என்று வரும், அதற்கு ஒரு செய்தி. இரண்டாவது சிங்கிள், அதற்கு ஒரு செய்தி. ஒரு வீடியோ, ஒரு பேட்டி. இதற்கிடையே ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்கள் எதை எழுத விரும்புகிறார்கள் என்று எடிட்டரிடம் கேட்டு, இடம் பிடிக்கிறார்கள். கடைசியில் ஆல்பம் வெளியாகும் வாரத்திலேயே விமர்சனமும் வருகிறது. 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்க வெள்ளிக்கிழமைதான் புது இசை வரும் நாள் என்று ஆகிவிட்டதால் எல்லாக் கூட்டமும் ஒரே நாளில் வாசலில் நிற்கிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். வீட்டிலேயே பதிவு செய்து, ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முடித்து, அன்றைக்கே ஆர்வத்தில் இணையத்தில் ஏற்றிவிட்ட ஒருத்தியின் ஆல்பம் இந்த வரிசையில் எங்கே நிற்கும்? அந்த வாரத்து இடங்கள் எல்லாம் ஒரு மாதம் முன்பே நிரம்பிவிட்டன. இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் அது பழைய ஆல்பம். யாரும் அவளை நிராகரிக்கவில்லை, அவளைக் கேட்டு மோசம் என்று சொல்லவும் இல்லை. கேட்கிற கட்டமே வரவில்லை. நாளுக்கு நாலைந்து விமர்சனம் என்று வைத்தாலும் வருடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம்தான் முடியும். 2022 வாக்கிலேயே ஸ்ட்ரீமிங் சேவைகளில் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் பாட்டு ஏறுகிறது என்று பெரிய இசை நிறுவனங்களின் தலைவர்களே சொன்னார்கள். மனிதக் காதால் இதை வடிகட்ட முடியாது என்பது எனக்குப் புரிகிறது. அப்படியானால் வடிகட்டுவது யார்? லேபிளும் பி.ஆர். ஆட்களும்தான். விமர்சகர் அவர்கள் வடிகட்டியதை மறுபடி வடிகட்டுகிறார்.

என் நண்பன் ஒருவன் சென்னையில் இருந்துகொண்டு 2019-ல் ஒரு ஆல்பம் செய்தான். எட்டுப் பாட்டு, வளசரவாக்கத்தில் அவன் படுக்கையறையில், ஏ.சி.யை அணைத்துவிட்டு, பக்கத்துக் கட்டிடத்தில் வேலை நடக்காத நேரம் பார்த்துப் பதிவு செய்தது. அறுபது தளங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் எழுதினான், ஒவ்வொன்றையும் அந்தந்த இடத்தில் யார் எழுதுகிறார்கள் என்று படித்துவிட்டு. மூன்று பதில் வந்தது. ஒன்று, ஆல்பம் ஏற்கெனவே வெளியாகிவிட்டதால் எடுத்துக்கொள்ள முடியாது, அடுத்த முறை ஆறு வாரம் முன்னால் அனுப்புங்கள் என்றது. இன்னொன்று ஒரு விலைப் பட்டியல்: செய்திக்கு இவ்வளவு, பேட்டிக்கு இவ்வளவு, விமர்சனத்துக்கு இவ்வளவு. மூன்றாவது ஆள் மட்டும் கேட்டிருக்கிறார், மூன்றாவது பாட்டு தனக்குப் பிடித்தது என்று இரண்டு வரி எழுதியிருந்தார், தங்கள் இடத்தில் போட வாய்ப்பில்லை என்றும். அந்த இரண்டு வரியை அவன் எனக்கு போனில் வாசித்துக் காட்டினான். விலைப் பட்டியல் அனுப்பிய இடத்தை விட, ஆறு வாரம் என்று சொன்ன இடம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அவர்கள் நேர்மையாகத்தான் பதில் சொன்னார்கள். அடுத்த முறை என்று ஒன்று இருக்கும் என்று நினைத்துச் சொன்னார்கள். அவன் அதன் பிறகு ஆல்பம் செய்யவில்லை.

இன்னொரு காரணம் க்ளிக். விளம்பரத்தில் ஓடும் தளத்துக்கு வாசகர் வர வேண்டும், வாசகர் தனக்குத் தெரிந்த பெயரைத்தான் தேடி வருவார். தெரியாத பெயரை யாரும் தேடுபெட்டியில் அடிப்பதில்லை. பிட்ச்ஃபோர்க் ஒரு காலத்தில் இதற்கு நேர் எதிராக இருந்தது; பெரிய பாப் ஆல்பங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. 2015-ல் டெய்லர் ஸ்விஃப்டின் 1989 ஆல்பத்தை ரயன் ஆடம்ஸ் முழுசாகத் திரும்பப் பாடி வெளியிட்டபோது அவருடையதை விமர்சித்தார்கள், அசல் ஆல்பத்துக்கு அதுவரை விமர்சனமே கிடையாது. ஒரு பெண் எழுதிப் பாடியது விமர்சனத்துக்கு லாயக்கில்லை, அதையே ஒரு ராக் ஆள் பாடினால் உண்டு என்பது போல ஆயிற்று. 2019-ல்தான் ஸ்விஃப்டின் பழைய ஆல்பங்களை எடுத்து எழுதினார்கள். அதைச் சரி செய்ததில் எனக்கு முழுச் சம்மதம். பாப் இசைக்கு வாசல் திறந்தது நல்ல விஷயம். ஆனால் நாலைந்து நாற்காலி எட்டாகவில்லை. உள்ளே வந்த ஒவ்வொரு பெரிய பெயருக்கும் ஒரு சின்னப் பெயர் எழுந்து போயிருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

தவறைத் திருத்திக்கொள்ளும் குணம் அந்தத் தளத்துக்கு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2021 அக்டோபரில் 19 பழைய விமர்சனங்களின் மார்க்கை மாற்றினார்கள். டாஃப்ட் பங்க்கின் டிஸ்கவரி 6.4-லிருந்து 10-க்குப் போனது, லிஸ் ஃபேர் ஆல்பம் 0.0-லிருந்து 6.0 ஆனது. படிக்க நன்றாக இருந்தது, ஆனால் அந்தப் பத்தொன்பதும் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவர்களின் விடைத்தாள். மறுகூட்டல் கேட்க முதலில் தேர்வு எழுத விட்டிருக்க வேண்டும் இல்லையா? அந்த வகையில் அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமை விமர்சனம்தான் எனக்கு உயர்ந்தது. வாரம் ஒரு பழைய ஆல்பம், தங்கள் களஞ்சியத்தில் இதுவரை இல்லாத எதுவும் வரலாம் என்பது விதி, நீளமாக, அவசரமில்லாமல், வெளியீட்டுத் தேதிக்கு அடிமையாகாமல் எழுதுகிறார்கள். தினசரி விமர்சனங்களைப் படிப்பதை நான் ஏறக்குறைய விட்டுவிட்டேன், ஞாயிறு மட்டும் தவறவிடுவதில்லை.

“அப்படியென்றால் சிண்டி லீ எப்படி உள்ளே வந்தார்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2024 மார்ச் 29-ல் டயமண்ட் ஜூபிலி என்ற ஆல்பம் வந்தது. 32 பாட்டு, இரண்டு மணி நேரத்துக்கும் கொஞ்சம் அதிகம். வந்தபோது ஸ்பாட்டிஃபையில் இல்லை; யூட்யூபில் மொத்தமும் ஒரே வீடியோ, அதோடு தொண்ணூறுகளின் பாணியில் ஒரு ஜியோசிட்டீஸ் இணையப் பக்கம், பிடித்தால் 30 கனடிய டாலர் கொடுங்கள் என்ற வேண்டுகோள். இரண்டே வாரத்தில் பிட்ச்ஃபோர்க் 9.1 போட்டது, வருடக் கடைசியில் முதலிடமும் கொடுத்தது. அந்த ஆல்பம் அதற்கு முழுக்கத் தகுதியானது, பழைய வானொலி ஒன்று தூரத்து வீட்டில் இரவெல்லாம் பாடுவது போல இருக்கும், நான் இதுவரை எத்தனை முறை கேட்டேன் என்ற கணக்கே இல்லை. ஆனால் சிண்டி லீ என்ற பெயரில் பாடும் பேட்ரிக் ஃப்ளெகல் புது ஆள் இல்லை. கால்கரியின் விமன் குழுவில் இருந்தவர், சிண்டி லீ பெயரிலேயே அதற்கு முன்பும் ஆல்பங்கள் வந்திருக்கின்றன, எழுதுகிறவர்களின் காதில் அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தது. பி.ஆர். இல்லாமல் வந்தது உண்மை. யாரும் அறியாமல் வந்தது என்று சொல்ல முடியாது.

யாரும் அறியாமல் வந்தது என்றால் பான்சிகோ என்ற குழு. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் நாலு பள்ளிப் பையன்கள் 2000-ல் ஒரு சி.டி. செய்தார்கள், சுமார் முப்பது பிரதிதான். டெத்மெட்டல் என்பதை ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் அம்புக்குறி போட்டுத் தலைப்பாக வைத்திருந்தார்கள், ஆனால் உள்ளே டெத் மெட்டல் என்ற முரட்டு இசை எதுவும் இல்லை, அந்தக் காலத்து ரேடியோஹெட் குழுவை நேசித்த பையன்கள் வேறு பதிவுகளிலிருந்து வெட்டியெடுத்த பழைய சாம்பிள்களையும் மங்கலான கிடாரையும் கலந்து செய்த மென்மையான, சோகமான பாட்டுகள். அட்டையில் மங்கா என்ற ஜப்பானிய காமிக்ஸ் படம். யாரும் கவனிக்கவில்லை, அவர்களும் வளர்ந்து வேறு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். 2016-ல் நாட்டிங்ஹாமிலேயே ஒரு ஆக்ஸ்ஃபாம் தொண்டுக் கடையில் ஒரு பிரதியை ஒருவர் கண்டெடுத்து, இது யாருடையது என்று, பெயர் சொல்லாமல் எழுதும் ஃபோர்சான் என்ற இணைய அரட்டைத் தளத்தில் கேட்டார். அந்த சி.டி. அரித்துப் போயிருந்தது. பாட்டு போகப் போக இரைச்சல் ஏறி, கடைசியில் குரலே கரகரப்புக்குள் மூழ்கும். அந்த இரைச்சலோடுதான் உலகம் அதைக் கேட்டது, அந்த இரைச்சலோடேயே விரும்பவும் ஆரம்பித்தது. நாலு வருடம் தேடி 2020-ல் பாடகரைக் கண்டுபிடித்து, நீங்கள்தானா அது என்று கேட்டிருக்கிறார்கள். குழு மறுபடி கூடியது, சுத்தமான பதிப்பை வெளியிட்டது, அமெரிக்காவில் போய் அரங்குகளில் வாசித்தது, 2023-ல் புது ஆல்பமே போட்டது.

இதில் எந்த விமர்சனத் தளத்துக்காவது பங்கு உண்டா? ஒரு தொண்டுக் கடையின் அலமாரி, ஒரு ஆர்வமுள்ள ஆள், விடாமல் தேடிய முகம் தெரியாத கூட்டம், அவ்வளவுதான். சான் ஹோசேவின் டஸ்டர் குழுவின் கதையும் கிட்டத்தட்ட இதே போலத்தான். 1998-ல் சியாட்டிலின் சின்ன லேபிள் ஒன்றில் ஸ்ட்ராட்டோஸ்ஃபியர் வந்தது, மெதுவாக, தூசி படிந்த ஒலியோடு, கேசட்டில் பதிவு செய்த வாசனை அடிக்கும் ஆல்பம். இருபது வருடம் கழித்து, 2019-ல் பழைய இசையைத் திரும்ப வெளியிடும் நியூமரோ குரூப் என்ற லேபிள் பெட்டித் தொகுப்பாகத் திரும்ப வெளியிட்டது, அப்புறம் இளசுகள் குறும் வீடியோக்கள் வழியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்ட்ராட்டோஸ்ஃபியரை இன்னும் கேட்காதவர்கள் ஒரு மழை நாளுக்கு எடுத்து வையுங்கள்.

சரி, பேண்ட்கேம்ப். இது கடை, விமர்சனத் தளம் இல்லை, ஆனால் கடைக்குள்ளேயே 2016-லிருந்து பேண்ட்கேம்ப் டெய்லி என்று ஒரு பத்திரிகை நடத்துகிறார்கள். கடையைப் பற்றி முதலில்: கலைஞர் தானே ஆல்பத்தை ஏற்றி, தானே விலை வைக்கலாம். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம், விற்பனை 5000 டாலரைத் தாண்டினால் 10 சதவீதம், சட்டை, சி.டி., எல்.பி. போன்ற பொருட்களுக்கு 10 சதவீதம் கமிஷன். பணம் செலுத்தும் கட்டணம் தனி. மீதி கலைஞருக்கு. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1000 தடவை கேட்கப்படாவிட்டால் அதற்கு ஒரு பைசா கிடையாது. நான் ஏழு டாலர் கொடுத்து வாங்கும் ஒரு ஆல்பம் அங்கே எத்தனை ஆயிரம் தடவை ஓடினால் அந்தப் பணம் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு பேச்சே வேண்டாம். வாங்கினால் ஒலித் தரம் குறையாத ஃப்ளாக் கோப்பு கையில் வந்துவிடுகிறது, நாளைக்கு யார் உரிமத்தை எடுத்தாலும் என் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது இருக்கும்.

பேண்ட்கேம்ப் டெய்லியின் தேர்வு முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. மார்க் இல்லை. வெளியிடங்களின் ஒலிகளைப் பதிவு செய்யும் ஃபீல்ட் ரெக்கார்டிங்குக்கு ஒரு பத்தி, வீடியோ கேம் இசைக்கு ஒரு பத்தி, மெட்டலுக்கு ஒன்று, ஒரு நகரத்தின் அல்லது ஒரு நாட்டின் இசைக் கூட்டத்தைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை என்று ஒவ்வொருவரும் தங்கள் மூலையைத் தோண்டுகிறார்கள். வெளியீட்டு வாரத்தைப் பற்றி அவர்களுக்கு அவ்வளவு கவலை இல்லை, போன மாதம் வந்ததையும் எழுதுவார்கள், பத்து வருடம் முன்பு வந்ததையும் எழுதுவார்கள். முகவரி தெரியாத ஒரு கேசட் லேபிளின் இருநூறு பிரதி வெளியீட்டுக்கு ஆயிரம் சொல் எழுதியதை நான் படித்திருக்கிறேன். குறையும் உண்டு. கடை நடத்தும் பத்திரிகை என்பதால் தங்கள் கடையில் இல்லாததைப் பற்றி எழுத மாட்டார்கள், இருப்பதில் எதையும் மோசம் என்று சொல்லவும் மாட்டார்கள். எல்லாமே பாராட்டாக இருக்கும்போது எது எழுத்தாளருக்கு நிஜமாகவே பிடித்தது என்று வரிகளுக்கு நடுவில் தேட வேண்டியிருக்கிறது. எனக்கு அது சோர்வாக இருக்கும் வாரங்கள் உண்டு.

நிறுவனத்தைப் பற்றிய பயமும் இருக்கிறது. 2022-ல் எபிக் கேம்ஸ் என்ற வீடியோ கேம் நிறுவனம் வாங்கியது, அடுத்த வருடமே சாங்ட்ரேடர் என்ற நிறுவனத்துக்கு விற்றது, கை மாறியபோது கிட்டத்தட்டப் பாதி ஊழியர்களுக்கு வேலை போனது. 2020 மார்ச் 20-ல் தொற்றுக் காலத்தில் கமிஷனே எடுக்காத வெள்ளிக்கிழமை என்று தொடங்கியதைத் தொடர்ந்து நடத்துவது எனக்கு ஆறுதல். நான் பெரும்பாலும் அந்த நாளுக்காகவே சேர்த்து வைத்துத்தான் வாங்குகிறேன்.

ஆனால் பேண்ட்கேம்ப்பின் உண்மையான பொக்கிஷம் பத்திரிகையில் இல்லை, ஒவ்வொரு ஆல்பப் பக்கத்திலும் இருக்கிறது. அந்த ஆல்பத்தை வாங்கியவர்களின் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும், சிலர் ஏன் பிடித்தது என்று ஓரிரு வரி எழுதியும் இருப்பார்கள். ஒரு படத்தைத் தொட்டால் அந்த ஆள் வாங்கியது அத்தனையும் தெரியும். இங்கேதான் நான் மணிக்கணக்காகக் காணாமல் போகிறேன். உங்களுக்கு உயிராக இருக்கும் ஒரு ஆல்பத்தை எடுங்கள், அதிகம் விற்றதாக இல்லாமல், நாற்பது ஐம்பது பேர் மட்டும் வாங்கியதாக இருந்தால் நல்லது. அதில் ஒரு ஆளைத் தொடுங்கள். உங்களோடு நாலு ஆல்பம் ஒத்துப்போகிற, மீதி இருநூறும் நீங்கள் கேள்வியே பட்டிராத ஒரு ஆள் கட்டாயம் கிடைப்பார். அவர் தன் காசைப் போட்டு வாங்கியிருக்கிறார், அவருக்கு எந்த பி.ஆர். ஆளும் லிங்க் அனுப்பவில்லை, தேதி நெருக்கடியும் இல்லை. கடந்த மூன்று வருடத்தில் நான் நேசித்த ஆல்பங்களில் பாதிக்கு மேல் இப்படி முன்பின் தெரியாதவர்களின் அலமாரியிலிருந்து எடுத்தவைதான். தேடும் வசதி மட்டும் இன்னும் நன்றாக இருக்கலாம், பெயரைச் சரியாக அடித்தாலும் சில நேரம் வேறு எதையோ முதலில் காட்டுகிறது.

ரேட் யுவர் மியூசிக் 2000-ல் தொடங்கிய பழைய தளம், இங்கே விமர்சகர் என்று தனியாக யாரும் இல்லை, கேட்கிறவர்களே அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை போடுகிறார்கள். வாசல் என்று பார்த்தால் இதுதான் அகலமானது: ஒரு ஆல்பம் பட்டியலில் இல்லை என்றால் நீங்களே சேர்க்கலாம். பாரனூல் என்ற பெயரில் முகம் காட்டாமல் இசை செய்யும் ஒரு கொரிய இளைஞர் 2021 பிப்ரவரியில், கணினிக்குள்ளேயே கிடாரையும் மற்றதையும் உருவாக்கி, ஒரு ஆல்பத்தை பேண்ட்கேம்ப்பில் போட்டார். இந்தத் தளத்தின் வருடப் பட்டியலில் அது விறுவிறுவென்று மேலே ஏறியது, அதற்குப் பிறகுதான் பெரிய தளங்கள் எழுதின. வடிகட்டும் வரிசை அன்று தலைகீழாக நடந்தது, எனக்கு அது பெரிய மகிழ்ச்சி.

கூட்டத்துக்கும் ஒரு சாயல் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். எல்லாக் காலத்துக்குமான பட்டியலைத் திறந்தால் ரேடியோஹெட்டும் பிங்க் ஃப்ளாய்டும்தான் வந்து நிற்பார்கள், அதைப் பார்க்க இந்தத் தளம் தேவையில்லை. ஒருவருக்குப் பிடித்தது எல்லோருக்கும் பிடித்ததாக ஆகும் வேகமும் கொஞ்சம் பயமாக இருக்கிறது. ஆகவே அந்தப் பட்டியலைத் தொடாமல், பட்டியலை நீங்களே அமைக்கும் இடத்துக்குப் போங்கள். அங்கே வருடத்தையும் வகையையும் கொடுத்துவிட்டு, பிரபலமானது என்பதற்குப் பதிலாக அரியது என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால், சில நூறு பேர் மட்டுமே கேட்டு உயரத்தில் வைத்த ஆல்பங்கள் வரும். 1998, 2001 என்று நான் கல்லூரிக்குப் போவதற்கு முந்தைய வருடங்களை ஒவ்வொன்றாக எடுத்து இப்படித் தோண்டிக்கொண்டிருக்கிறேன். எனி அதர் சிட்டி அங்கே ரொம்ப நாளாகவே மரியாதையோடு உட்கார்ந்திருக்கிறது, நான்தான் எட்டிப் பார்க்கவில்லை.

இந்த மூன்றையும் எந்த விகிதத்தில் வைப்பது என்று கேட்டால், ஞாயிறு காலை பிட்ச்ஃபோர்க்கின் ஒரு நீண்ட விமர்சனம், வாரத்தில் ஒரு மாலை ரேட் யுவர் மியூசிக், மீதி நேரமெல்லாம் பேண்ட்கேம்ப்பில் அடுத்தவர் அலமாரி. லண்டனிலிருந்து 2008 முதல் வரும் தி குவைட்டஸ் என்ற இசைத் தளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அங்கேயும் மார்க் கிடையாது, எழுதுகிறவர்கள் தங்களுக்குப் பைத்தியமாகப் பிடித்ததை எழுதுகிறார்கள்.

நண்பனின் ஆல்பம் இன்னும் பேண்ட்கேம்ப்பில்தான் இருக்கிறது. அவனைக் கேட்காமல் பெயரைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வாங்கியவர்கள் படம் மொத்தம் பதினொன்று, அதில் ஒன்பது பேரை எனக்கே தெரியும். பத்தாவது ஆள் போன வருடம் வாங்கியிருக்கிறார், போர்ச்சுகலில் எங்கோ இருப்பவர், மூன்றாவது பாட்டைத் தனக்குப் பிடித்த பாட்டு என்று குறித்திருக்கிறார், ஆறு வருடம் முன்னால் அந்த மின்னஞ்சலில் ஒருவர் சொன்ன அதே பாட்டு. அன்று இரவு நண்பன் என்னைக் கூப்பிட்டு, “டேய், இந்த ஆள் வேற என்னெல்லாம் வாங்கியிருக்கார் பாரு” என்றான். இரண்டு பேரும் போனை வைக்காமல் அவருடைய அலமாரியை ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டோம். ஒரு மணிக்குப் படுக்கும்போது அவன் அதிலிருந்து மூன்று ஆல்பம் வாங்கியிருந்தான்.